பானெட்டில் பதிந்த கை

தம்பி, ஷட்டரை எறக்கிப்போடாதீங்க. ஒரே ஒரு நிமிசமுங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவுன்னு தெரியும், போர்டுல எழுதியிருக்குது, படிச்சுட்டுத்தான் வண்டியை உள்ள விட்டேன். காலையில இருந்து நீங்க நாலாவது பாலிஷ் கடை. ஒருத்தர் பானெட்டையே கழட்டிட்டு வேற மாட்டோணும்ங்கறார். ஒருத்தர் வண்டியை விட்டுட்டுப் போங்க, புதன்கிழமை வாங்கங்கறார். இன்னொருத்தர் பாத்துப்போட்டுச் சிரிச்சாருங்க. எனக்குப் புதன்கிழமை எல்லாம் கெடையாது. நாலு மணி வரைக்குந்தான் இருக்குது. நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்துருவாரு.

கவரை எடுக்கறேன், நீங்களே பாருங்க.

இதானுங்க. வெள்ளை வண்டியில எப்படித் தெரியுது பாருங்க. தொடுங்க, பரவாயில்லை. நகத்தை வெச்சா சொரசொரன்னு இருக்குதுங்களா? சுத்தியும் மங்கிப்போயி வட்டவட்டமாக் கோடு தெரியறதெல்லாம் நான் பண்ணுனது. நடுவுல இருக்கறதுதான் முதல்ல இருந்தது.

எடுக்கலாமுங்களா? எடுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, அப்பறம் நான் அந்த மூலையில உக்காந்துக்கறேன்.

நல்லாருப்பீங்க. நல்லாருப்பீங்க தம்பி.

என்ன கறைன்னா... சொல்றேன். டாக்டர்கிட்டச் சொல்ற மாதிரி ஒண்ணு விடாமச் சொல்லிப்போடறேன். நீங்க பாட்டுக்கு வேலையை ஆரம்பியுங்க. மெஷினைப் போட்டாலும் பரவாயில்லை. எனக்குச் சத்தத்துல பேசித்தான் பழக்கம்.

நம்முளுது சென்னிமலைப் பக்கமுங்க. பேரு சென்னியப்பன். பால் சொசைட்டியில முப்பத்தோரு வருசம் டெஸ்டரா இருந்தேன். பால்ல ஒரு டம்ளர் தண்ணி கலந்திருந்தாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது. கருவியெல்லாம் அப்பறம், கேனைச் சாய்ச்சு ஊத்தறப்பவே சொல்லிருவேன். மாடு வெச்சிருக்கறவனுக்கெல்லாம் என்னைக் கண்டாக் கொஞ்சம் பயந்தான். பெருமைக்குச் சொல்லலீங்க. கண்ணு அப்படிப்பட்ட கண்ணு. அந்தக் கண்ணு இந்த வண்டியில கோட்டை விட்டுருச்சு.

வண்டி என்னுது இல்லை. நான் சீருக்குக் குடுத்தது, அப்ப மாப்பிள்ளையுது. எனக்கு ஒரே புள்ளை, தாரணி. கோயமுத்தூர்ல குடுத்திருக்கறேன், ரெண்டு வருசம் ஆச்சு. மாப்பிள்ளை மிதுன்குமாரு தங்கமான பையனுங்க. பீடி சிகரெட் கெடையாது, தண்ணி கெடையாது. வண்டியை அவர் வெச்சிருக்கறதை நீங்க பாக்கோணும். காலையில எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னால வண்டியைத் தொடைப்பார். அதுக்கு மூணு துணி. கண்ணாடிக்கு ஒண்ணு, மேலுக்கு ஒண்ணு, சக்கரத்துக்கு ஒண்ணு. மாத்தி எடுத்துட்டாக் கோவம் வந்துரும். ஒரு பொருளை இத்தனை அருமையா வெச்சுக்கறவரு பொண்டாட்டியை எப்படி வெச்சுக்குவாருன்னு நானும் எங்கூட்டுக்காரியும் பேசிக்குவோம்.

பங்குனிக் கடைசியில கம்பெனி வேலையாப் பூனாவுக்கு மூணு வாரம் போகோணும்னு, வண்டியையும் புள்ளையையும் எங்கூட்டு வாசல்ல கொண்டாந்து விட்டார். "அபார்ட்மென்ட்ல நிறுத்துனாப் பசங்க பந்து அடிப்பானுக மாமா. உங்க வாசல்ல நிக்கட்டும். ஒரு கோடு விழக்கூடாது"ன்னார். வண்டியைச் சுத்தி வந்து நாலு பக்கமும் ஃபோன்ல போட்டோ எடுத்துக்கிட்டார். எனக்கு அது புடிச்சிருந்துச்சு. நானும் கேன்ல சீல் சரியா இருக்குதான்னு பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்டவன். அப்பறம் டாக்ஸி புடிச்சுப் போயிட்டார்.

தாரணி ஒரே ஒரு பையோட எறங்குனா. அந்த வெயில்லயும் முழுக்கைச் சுடிதார். கோயமுத்தூர்ல இப்ப இதுதான் போடறாங்களாட்ட இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். உள்ள வந்து தண்ணிச் சொம்பை எடுத்தா, சொம்பு கையில நிக்கல, கீழ விழுந்துருச்சு. எங்கூட்டுக்காரி சாந்தாமணி அந்தக் கையைப் புடிச்சுச் சட்டையை மேல தள்ளிப் பாத்தா. இடது கை. மணிக்கட்டுல இருந்து உள்ளங்கை வரைக்கும் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது.

"என்ன அம்மிணி இது?"

"பாத்ரூமுல வழுக்கிருச்சும்மா."

அவ்வளவுதானுங்க சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வேண்டாங்கறா. எங்கூட்டுல வீக்கம்னா ஒரே வைத்தியந்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொழைச்சு, இரும்புக் கரண்டியில சூடு பண்ணி, பொறுக்கற சூட்டுல பத்துப் போடறது. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டாச் செகப்பாயிரும், உங்களுக்குத் தெரியாததா. கையைச் சுத்தி, உள்ளங்கை, விரலு எல்லாத்துக்கும் சாந்தாமணி அப்பி விட்டா.

அன்னைக்கு மத்தியானம் பாருங்க கரண்ட் இல்லை. உள்ள புழுக்கம். பத்து காயறதுக்குள்ள இவ வாசலுக்கு வந்து வண்டியில சாஞ்சு நின்னுக்கிட்டா. ரொம்ப நேரம் நின்னா. கை ஊணிக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு இருந்தா. மாப்பிள்ளை போன பக்கம் பாக்கறா, புருசனை விட்டுட்டு இருக்க முடியலையாட்டன்னு சாந்தாமணிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கலை.

பொழுதோட வந்து கவரைப் போட்டு மூடுனேன். கண்ணு மங்கற நேரம், நான் பானெட்டைப் பாக்கலை. மூடுனது மூடுனதுதான். தூசி உள்ள போயிருமேன்னு பதினெட்டு நாளு எடுக்கவே இல்லை. சித்திரை வெயிலு, கவருக்குள்ள வண்டி அடுப்பாட்டம் கொதிச்சிருக்கும். நீங்க சொல்றது சரி. மேல கண்ணாடி மாதிரி இருக்கற பூச்சைச் சுண்ணாம்பு அரிச்சுட்டுப் போயிருக்குது. இது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பத்தே போட விட்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை மாப்பிள்ளை ஃபோன் பண்ணுனார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன் மாமா. வண்டி எப்படி இருக்குது?"ன்னார். தங்கமாட்டம் இருக்குதுங்க மாப்பிள்ளைன்னேன். வெச்சுட்டார். சரி, கழுவி வெச்சுரலாம்னு கவரை எடுத்தனா... அஞ்சு விரலுங்க தம்பி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டு முதுகுல கை பதிப்பமே, அப்படி. செக்கச்செவேல்னு அஞ்சு விரலும் உள்ளங்கையும். வாசல்லயே உக்காந்துட்டேன்.

முதல்ல ஷாம்புத் தண்ணி. ஒண்ணும் ஆகலை. அப்பறம் தேங்காயெண்ணெயை ஊற வெச்சேன். அப்பறம் பேஸ்ட், பல்லுக்குப் போடறது. பக்கத்து ஊட்டு வாத்தியார், எலுமிச்சம்பழம் தேயுங்க, கறி மஞ்சக் கறைக்கு அதுதான்னார். தேச்சேன். செகப்பு போயி மஞ்சளாச்சு, ஆனாக் கை அப்படியே இருக்குது. மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சேன். வியாழக்கிழமை பூராவும் இதே வேலை, சோறு தண்ணி இல்லை. வெள்ளிக்கிழமை எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. சாந்தாமணி வெளக்குத் தேய்க்கற பொடியையும் தேங்காய் நாரையும் எடுத்துட்டு வந்து தேய் தேய்னு தேச்சுட்டேன். வெங்கல வெளக்கெல்லாம் அதுல பளபளன்னு வருது, இது வராதான்னு ஒரு நினைப்பு. நார் பட்ட எடமெல்லாம் கோடு. அந்த வட்டம் எல்லாம் அதானுங்க. ஒரு கறையைப் போக்கறேன்னு ஒம்பது கறையைப் பண்ணி வெச்சேன். நேத்துப் பெயின்ட்காரர்கிட்டத் தின்னர் வாங்கியாந்தேன், தொட்டதும் பயமாகி விட்டுட்டேன்.

அதுல ஒண்ணு பாருங்க. தேய்க்கறப்ப என் கை அந்தக் கை மேல போச்சு. சும்மா வெச்சுப் பாத்தேன். என் கைக்குள்ள பாதிக்குக்கூட வரலை. இத்தனை சின்னக் கையா இவளுக்குன்னு தோணுச்சு, கல்யாணத்துக்குத் தாரை வாத்தப்பக்கூட இந்தக் கையைத்தான புடிச்சேன், அப்பத் தெரியலை. என்னமோ அழுகை வந்துருச்சு. வண்டி இப்படி ஆயிருச்சேன்னுதான்.

அவளைத் திட்டுனதென்னவோ உண்மைதான். "கை வெக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலையா அம்மிணி?"ன்னு கேட்டுட்டேன். நேத்துக் காலையில நான் தின்னரை வெச்சுக்கிட்டு நிக்கறப்பப் பக்கத்துல வந்து நின்னா. "தேய்க்காதீங்கப்பா. அது இருக்கட்டும். அவர் பாக்கட்டும்"ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியலீங்க. பாத்தா வண்டியைப் பாழாக்கிட்டீங்கன்னு சொல்ல மாட்டாரா? புள்ளைக்குக் கிறுக்கு புடிச்சுருச்சான்னு நினைச்சேன். உள்ள போயித் துணி எடுத்து வெய்யி, நாளைக்கு மாப்பிள்ளை வர்றாருன்னேன். போயிட்டா. எடுத்து வெச்சாளான்னு தெரியலை.

அட, விரல் மங்குதே. தம்பி, விரல் மங்குதுங்க. நீங்க கை ராசிக்காரர்தான். அந்தக் காம்பவுண்டுப் பசையை இன்னும் கொஞ்சம் வெச்சு ஓட்டுங்க.

பாத்தா என்ன ஆகும்ங்கறீங்களா? என்ன ஆகும். கோவப்படுவார். அவ்வளவுதான்.

இல்லை, சொல்லிப்போடறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. மாசி மாசம் தாரணி வண்டியைப் பின்னால எடுக்கறப்பக் கேட்டுல லேசா உரசிட்டாளாம். இதோ, இந்த மூலை. மாப்பிள்ளையே ஃபோன் பண்ணி, "உங்க பொண்ணுக்குப் பொறுப்பு பத்தலை மாமா"ன்னார். அவளுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டேன். அதுக்கு மறுநாளே புள்ளை மாடிப்படியில தடுக்கி விழுந்து புருவத்துல மூணு தையலு. சரி, நேரம். பங்குனியில அவ பையோட கொக்கி பட்டுக் கதவுல ஒரு கோடு விழுந்துருச்சு. அந்த வாரந்தான் பாத்ரூமுல வழுக்குனது. ஜோசியர்கிட்ட ஓடுனேன். சனி பாக்கறான், புள்ளைக்கு அடிபடற காலம்னார். சனிக்கிழமை தவறாம எள்ளு வெளக்குப் போட்டுட்டு வர்றேன்.

ஆனா மனசு கேக்கமாட்டேங்குது தம்பி. வண்டிக்கு ஒண்ணு ஆகுது, புள்ளைக்கு ஒண்ணு ஆகுது. மறுக்கா வண்டிக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு. இப்ப வண்டிக்கு ஆயிருச்சு. பெருசா ஆயிருச்சு. உரசுனதுக்கே மூணு தையல்னா இதுக்கு எத்தனை? அதுக்குத்தானுங்க நாலு மணிக்குள்ள போகோணும்னு கெஞ்சறேன். இந்தக் கறை போயிட்டாப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.

ஏனுங்க நிறுத்திட்டீங்க?

மெஷினு சூடாயிருச்சுங்களா? பின்ன ஏன் என்னையே பாக்கறீங்க? ஓட்டுங்க தம்பி. உள்ளங்கை அப்படியே இருக்குது பாருங்க. கட்டைவிரலு இருக்குது. மணி ஒண்ணே கால் ஆச்சு.

நீங்களும் சாந்தாமணி மாதிரி பாக்கறீங்க. அவளும் பத்தைக் கழுவி விட்ட அன்னைக்கு அடுப்படியில வந்து நின்னு இப்படித்தான் பாத்தா. "ஏனுங்க, புள்ளை மணிக்கட்டுல நாலு விரல் தடமாட்டம் நீலமா இருக்குதுங்க"ன்னா. பக்கெட்டுக் கைப்பிடி பட்டிருக்கும்டின்னேன். "பக்கெட்டுக் கைப்பிடி நாலு கோடாவா இருக்கும்?"ன்னா. வாயை மூடு, சம்பந்தி ஊட்டுல காதுல விழுந்தா என்ன ஆகறதுன்னு சத்தம் போட்டேன். அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசறதே இல்லை. சோத்தைப் போட்டு வெச்சுட்டுப் போயிருவா.

நான் கேக்கலீங்க. ஆமா. நீங்க வாயைத் திறந்து கேக்காட்டியும் எனக்குத் தெரியுது. நான் எம்புள்ளைகிட்டக் கேக்கவே இல்லை. கேட்டாச் சொல்லிருவா தம்பி. அதான். அவ பொய் சொல்லத் தெரியாத புள்ளை, அம்மா முகத்தைப் பாத்து ஒரு தடவை சொன்னதே அதிகம். நான் உக்கார வெச்சுக் கேட்டாச் சொல்லிருவா. சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? பால்ல தண்ணின்னு தெரிஞ்சுட்டா எழுதித்தான் ஆகோணும், கண்டுட்டு எழுதாம விட முடியாது. சொந்தத் தம்பி பாலையே திருப்பி அனுப்புனவன் நான். இதையும் கண்டுட்டேன்னா எழுதோணுமில்ல? ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டு நாந்தான கையைப் புடிச்சுக் குடுத்தேன். அதான் கேன் மூடியைத் திறக்காமயே வெச்சிருக்கறேன்.

என்னைத் திட்டுங்க. திட்டிட்டு ஓட்டுங்க. கும்புட்டுக்கறேன். இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. அது போயிட்டா அவர் வந்து சுத்திப் பாப்பார், போட்டோவை வெச்சு ஒத்துப் பாப்பார், நல்லா வெச்சிருந்தீங்க மாமாம்பார். புள்ளை முன்னால ஏறி உக்காருவா. நான் கை காட்டுவேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்...

இருங்க, ஃபோன் அடிக்குது. மாப்பிள்ளையாத்தான் இருக்கும். கண்ணாடியைக் காணமே... இல்லை. தாரணி.

சொல்லு அம்மிணி. ஈரோட்டுலதான். பெருந்துறை ரோட்டுல ஒரு பாலிஷ் கடையில. சாப்பிடலை, அப்பறம் சாப்பிட்டுக்கறேன். என்ன? போயிருச்சான்னா?

விரலெல்லாம் போயிருச்சு. உள்ளங்கை இருக்குது. கட்டைவிரலு இருக்குது. இந்தத் தம்பி இன்னும் அரை மணி நேரத்துல எடுத்துருவார், அவர் கைக்கு...

அம்மிணி? அம்மிணி, இருக்கறயா?

அழுகாத. நான் திட்டலை. எதுக்கு அழுகற? துணி எடுத்து வெச்சுட்டயா? சரி. வெச்சுட்டயா. சரி.

...

இல்லை. வேண்டாம். திருப்பி அலமாரியிலயே வெச்சுரு. ஆமா, நாந்தான் சொல்றேன். வண்டி எப்படி இருக்குதோ அப்படியே கொண்டாறேன், மிச்சம் இருக்கறது இருக்கட்டும். வந்து பாக்கட்டும்.

அப்பா உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாளாக் கேக்காமப் போயிட்டேன். கை எப்படி ஆச்சு?

பாத்ரூமு வேண்டாம் அம்மிணி. நடந்ததைச் சொல்லு.

தம்பி, அந்த மெஷினைப் போடாதீங்க. புள்ளை பேசறா, எனக்குக் கேக்கோணும்.